விம்மில் கொப்பி பண்ணியது எங்கே போகிறது? வன்னியில் புதிதாக லினக்ஸ் தொடங்குவோருக்கு

பிரவுசரில் நாலு வரி கொப்பி பண்ணுகிறீர்கள். டெர்மினலில் ஓடும் விம் என்ற எடிட்டருக்குள் வந்து கொன்ட்ரோல்-வி அடிக்கிறீர்கள். எதுவும் வரவில்லை, கீழே 'விஷுவல் பிளொக்' என்று ஒரு வரி மட்டும் தெரிகிறது. சரி, விம்மில் இருப்பதை வெளியே எடுப்போம் என்று கொன்ட்ரோல்-சி அடித்தால், வெளியேறும் வழியைச் சொல்லித் தருகிறது. லப்டொப்பில் பிழை இல்லை. விம்மின் கொப்பியும் மற்ற மென்பொருள்களின் கொப்பியும் வேறு வேறு. அதை முதல் நாளே யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் இதில் நிறைய அலைந்தேன். அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ முதலாம் வருடம் சேர்ந்திருக்கும் பிள்ளைகளும், மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு சேர்வர்களில் வேலை செய்யப் பழகுகிறவர்களும் அதே அலைச்சல் படத் தேவையில்லை என்றுதான் எழுதுகிறேன்.

கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், வேறாகச் சொல்லாதவரை சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். விம்முக்குள் இருக்கும்போது தமிழ் விசைப்பலகையை அணைத்து வையுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் எந்தக் கட்டளையும் வேலை செய்யாது.

தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

அட்மின் பாஸ்வேர்ட் முக்கியம். கடையில் லினக்ஸ் போட்டுத் தந்த பழைய லப்டொப் என்றால் வாங்கும்போதே அதைக் கேட்டு, பில்லின் பின்பக்கத்திலாவது எழுதுவித்துக்கொள்ளுங்கள். பிறகு போய்க் கேட்டால் போட்ட பெடியன் வேலையை விட்டுப் போயிருப்பான்.

காசு எதுவும் தேவையில்லை, இங்கே சொல்லும் எல்லாமே இலவசம். செலவென்றால் டேட்டா மட்டும்தான். உபுண்டுவில் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கவே பல பத்து எம்பி போய்விடும், நிறுவும் பொதி அதற்கு மேல். இரவு டேட்டா இருந்தால் இரவில் செய்யுங்கள். வளாகத்து வைபை கிடைத்தால் இன்னும் நல்லது. இன்ஸ்டோல் கட்டளையோடு '-டி' சேர்த்தால் இறக்கி மட்டும் வைக்கும். வீட்டுக்கு வந்து '-டி' இல்லாமல் அதே கட்டளையை அடித்தால் டேட்டா செலவில்லாமல் நிறுவிக்கொள்ளலாம்.

நேரம்: இணைப்பு நன்றாக இருந்தால் முதல் நான்கு படிகளையும் அரை மணித்தியாலத்துக்குள் முடிக்கலாம். தமிழ் எழுத்துப் பிரச்சினைக்கு ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள்.

1. விம் எந்த மெஷினில் ஓடுகிறது என்று பாருங்கள்

நீங்கள் பார்க்கும் விம் உங்கள் லப்டொப்பிலேயே ஓடலாம். எஸ்எஸ்எச் வழியாகச் சிங்கப்பூரிலோ ஜெர்மனியிலோ உள்ள சேர்வரிலும் ஓடலாம். விண்டோஸுக்குள் இருக்கும் லினக்ஸிலும் ஓடலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. இதைப் பார்க்காமல் யாரோ தந்த பத்து வரியைக் கொன்பிக் பைலில் போடுவதுதான் ஆட்கள் அதிகம் விழும் குழி. சேர்வரில் ஓடுகிறது என்றால் படி 2ஐயும் படி 5ஐயும் வாசித்துவிட்டு நேரே படி 6க்குப் போங்கள்.

2. எந்தப் பையில் போட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

விம்மில் கொப்பி பண்ண ஒரே ஒரு இடம் இல்லை, பல ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. சேட்டுப் பையில் வைத்த காசைச் சாரத்து மடியில் தேடினால் கிடைக்காது. நம் பிரச்சினையில் பாதி அதுதான்.

சும்மா 'வை' இரண்டு தடவை அடித்தால் வரி விம்மின் சொந்தப் பைக்குப் போகும். பிரவுசருக்கு அது தெரியாது. வெளியே கொண்டுபோக வேண்டுமானால் முதலில் இரட்டை மேற்கோள் குறி ("), அடுத்து பிளஸ் (+), அப்புறம் 'வை' இரண்டு தடவை. வெளியிலிருந்து கொண்டுவர அதே "+ அடித்து, பேஸ்ட்டின் முதல் எழுத்தான 'பி'. விசைப்பலகை பழகும்வரை இது கைக்கு வராது. மேற்கோளுக்கும் பிளஸ்ஸுக்கும் ஷிப்ட் பிடிக்க வேண்டும்.

லினக்ஸில் இன்னொன்றும் உண்டு. மவுஸால் எழுத்தைத் தெரிவு செய்தாலே அது தனியாக ஒரு பையில் விழும். மவுஸின் நடுப் பொத்தானால் அதை ஒட்டலாம். விம்மில் அதன் பெயர் "*. விண்டோஸிலும் மக்கிலும் "+ உம் "* உம் ஒன்றே. அதனால் விண்டோஸ்காரர் சொல்லித் தரும் வழி சில நேரம் உங்கள் உபுண்டுவில் வேறு எதையோ ஒட்டும்.

இனி ஒரு பொறி. ஒரு வரியைக் கொப்பி பண்ணுகிறீர்கள். அது போக வேண்டிய இடத்தில் ஒரு பழைய வரி இருக்கிறது, 'டி' இரண்டு தடவை அடித்து அழிக்கிறீர்கள். ஒட்டினால் அழித்த வரியே திரும்பி வருகிறது! விம்மில் அழிப்பதும் வெட்டி எடுப்பதும் ஒன்றுதான், அழித்தது கொப்பியின் மேல் விழுந்துவிட்டது. பயப்பட வேண்டாம், கடைசியாகக் கொப்பி பண்ணியது பூச்சியம் என்ற ரெஜிஸ்டரில் பத்திரமாக இருக்கும். "0 அடித்து 'பி' அடியுங்கள், வரும்.

எதில் என்ன கிடக்கிறது என்று பார்க்க :ரெஜ் என்று அடித்து என்டர். இந்த ஒரு கட்டளையைப் பழகினாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

3. உங்கள் விம்முக்கு வெளிக் கிளிப்போட் தெரியுமா?

மேலே சொன்ன "+ உங்களிடம் வேலை செய்யவில்லையா? விம்முக்குள் :வேர்ஷன் அடியுங்கள். வரும் நீண்ட பட்டியலில் கிளிப்போட் என்ற சொல்லைத் தேடுங்கள். முன்னால் பிளஸ் இருந்தால் நல்லது. மைனஸ் இருந்தால் அந்த விம் வெளிக் கிளிப்போட் இல்லாமல் கட்டப்பட்டது. எந்த செட்டிங் மாற்றியும் பயனில்லை.

உபுண்டுவிலும் டெபியனிலும் சாதாரண விம் பொதி இந்த மைனஸ் வகைதான். வேண்டியது விம்-ஜிடிகே3 என்ற பொதி:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் விம்-ஜிடிகே3

பெயரைப் பார்த்து, ஜன்னல் திறக்கும் விம் என்று நினைக்க வேண்டாம். அதுவும் கூட வரும், ஆனால் டெர்மினலில் வழமைபோல் விம் என்று அடித்தால் இனிக் கிளிப்போட் தெரிந்த விம் திறக்கும். பெடோராவில் விம்-எக்ஸ்11 (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்தில்) பொதியைப் போட்டு, விம்எக்ஸ் என்று கூப்பிட வேண்டும்.

விம்மிலிருந்து பிரிந்து வந்த நியோவிம் பாவிக்கிறவர்களுக்குக் கதை வேறு. அதற்குள் இந்தப் பிளஸ் மைனஸ் இல்லை. வெளியே ஒரு சிறு உதவியாள் வேண்டும்: லினக்ஸ் திரையைக் காட்டும் முறை எக்ஸ்11 என்றால் எக்ஸ்கிளிப், வேலண்ட் என்றால் டபிள்யூஎல்-கிளிப்போட். இரண்டும் சின்னப் பொதிகள். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் உபுண்டுவின் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைப் பாருங்கள், விண்டோயிங் சிஸ்டம் என்ற இடத்தில் இருக்கும். போட்ட பிறகு நியோவிமுக்குள் :செக்ஹெல்த் அடித்தால் கிளிப்போட் சரியா பிழையா என்று அதுவே சொல்லும்.

சூடோ போட்டு (அட்மின் உரிமையில்) விம் திறந்தால் கிளிப்போட் பல நேரம் வேலை செய்யாது. நீங்கள் அப்போது வேறொரு பாவனையாளர். சிஸ்டம் பைலைத் திருத்த சூடோஎடிட் பாவியுங்கள். அது எடிட்டரை உங்கள் பெயரிலேயே திறந்து, சேமித்து மூடிய பிறகு அட்மின் உரிமையோடு மூலப் பைலில் எழுதும். கிளிப்போட் இல்லாவிட்டாலும் அதுதான் பாதுகாப்பான பழக்கம்.

வளாக ஆய்வுகூடத்து மெஷினில் நிறுவ உரிமை இராது. அங்கே மல்லுக்கட்ட வேண்டாம், படி 6இல் உள்ள ஷிப்ட் வழியே போதும்.

4. ஒவ்வொரு தடவையும் "+ அடிக்க அலுப்பென்றால்

வீட்டு அடைவில் .விம்ஆர்சி என்ற பைலைத் திறந்து ஒரு வரி போடுங்கள்:

செட் கிளிப்போட்=அன்நேம்ட்பிளஸ்

கடைசிச் சொல் இடைவெளியில்லாமல் ஒரே சொல். இதன் பிறகு சும்மா கொப்பி பண்ணினாலே வெளியே போகும்.

இணையத்தில் எல்லோரும் முதல் வேலையாக இதைப் போடச் சொல்வார்கள். எனக்கு இது அவ்வளவு பிடிக்காது. ஏனென்றால் விம்மில் ஓர் எழுத்தை அழித்தாலும் அதுவும் கிளிப்போட்டுக்குப் போகும். பிரவுசரில் ஒரு பாஸ்வேர்ட்டையோ நீண்ட லிங்க்கையோ கொப்பி பண்ணிக்கொண்டு வந்து, இங்கே ஒரு வரியை அழித்தால் கொண்டுவந்தது போய்விடும். புதிதாகப் பழகுகிறவர் முதல் மாதம் "+ ஐக் கையால் அடிப்பதே நல்லது என்பது என் எண்ணம். எது எங்கே போகிறது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். இந்த வரியைப் போட்டே தீருவேன் என்றால், எதையும் பாதிக்காமல் அழிக்க "_ அடித்து 'டி' இரண்டு தடவை அடிக்கப் பழகுங்கள்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. சில டெஸ்க்டொப்களில் விம்மை மூடியதும் அதிலிருந்து கொப்பி பண்ணியதும் மறைந்துவிடும். ஒட்டிவிட்டு மூடுங்கள்.

5. ஒட்டினால் படிக்கட்டுப் போல் சரிகிறதா?

பைதன் கோட் ஒன்றை ஒட்டுகிறீர்கள். முதல் வரி சரி, அடுத்தது கொஞ்சம் வலப்பக்கம், அதற்கடுத்தது இன்னும் வலப்பக்கம், கடைசி வரி திரைக்கு வெளியே. டெர்மினல் வழியாக ஒட்டும்போது பழைய விம்முக்கு நீங்கள் ஒட்டுகிறீர்களா ரைப் பண்ணுகிறீர்களா என்று தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் தானாக உள்தள்ளல் போடுகிறது. கொமென்ட் வரிகள் இருந்தால் ஹாஷ் குறியையும் தானே சேர்க்கும்.

ஒட்ட முன் :செட் பேஸ்ட் அடித்து என்டர். பிறகு 'ஐ' அடித்து எழுதும் நிலைக்குப் போனால், கீழே இன்சேர்ட் என்பதற்குப் பக்கத்தில் பேஸ்ட் என்றும் தெரியும். ஒட்டுங்கள். முடிந்ததும் எஸ்கேப், :செட் நோபேஸ்ட். இந்தக் கடைசியை மறந்தால் தானியங்கி உள்தள்ளலும் நீங்கள் வைத்த குறுக்கு வழிகளும் வேலை செய்யாமல் கிடக்கும். ஏனென்று தெரியாமல் முழுநாளும் முழிக்கலாம். .விம்ஆர்சியில் செட் பேஸ்ட்டை நிரந்தரமாகப் போடச் சொல்லும் ஆலோசனையை அதனாலேயே கேட்க வேண்டாம்.

விம் 8க்குப் பிறகு வந்தவையும் நியோவிமும் நல்ல டெர்மினலில் இதைத் தாமே கவனித்துக்கொள்ளும். பழைய சேர்வர்களில்தான் தொல்லை அதிகம். "+ வழியாக ஒட்டினால் எந்தப் பதிப்பிலும் படிக்கட்டு வராது.

ஒட்டியதில் முன்பகுதி காணாமல் போனால் காரணம் வேறு. இன்சேர்ட்டுக்குப் போகாமல் ஒட்டியிருப்பீர்கள். பழைய விம் உங்கள் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கட்டளை என்று எடுத்து, நடுவில் 'ஐ' போன்ற ஓர் எழுத்து வந்த பிறகுதான் எழுதத் தொடங்கியிருக்கும். இடையில் எதையெல்லாம் அழித்ததோ தெரியாது. எஸ்கேப், 'யூ' சில தடவை, அப்புறம் மறுபடி ஒட்டுங்கள்.

6. சேர்வரில் ஓடும் விம்

ஆட்கள் அதிகம் மாரடிப்பது இங்கேதான். சேர்வரில் உள்ள விம்முக்கு உங்கள் மடியில் இருக்கும் லப்டொப்பின் கிளிப்போட் தெரியாது. அங்கே விம்-ஜிடிகே3 போட்டாலும் தெரியாது, டிஸ்க்கில் இடம்தான் போகும்.

உள்ளே ஒட்டுவது சுலபம். 'ஐ' அடித்து, டெர்மினலின் சொந்த வழியான கொன்ட்ரோல்-ஷிப்ட்-வி. இது உங்கள் டெர்மினல் செய்யும் வேலை, சேர்வர் எங்கிருந்தாலும் நடக்கும்.

வெளியே எடுக்க மவுஸால் இழுத்துத் தெரிவு செய்து கொன்ட்ரோல்-ஷிப்ட்-சி. இழுக்கும்போது விம் 'விஷுவல்' என்று காட்டினால் மவுஸை விம் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு இழுங்கள், மவுஸ் டெர்மினலின் கைக்கு வரும். வரி எண்கள் போட்டிருந்தால் அவையும் சேர்ந்து வரும். முதலில் :செட் நோநம்பர். திரையைச் செங்குத்தாகப் பிரித்து வைத்திருந்தால் பக்கத்துப் பகுதியும் ஒட்டிக்கொண்டு வரும். டீமக்ஸில் (ஒரு டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் நிரல்) அதன் தொடக்கச் சாவியை அடுத்து 'ஸெட்' அடித்தால் அந்தப் பகுதி மட்டும் முழுத்திரையாகும், அதே சாவிகளை மறுபடி அடித்தால் பழையபடி வரும்.

திரைக்கு மேலே கீழே நீளும் பெரிய பகுதியை மவுஸால் எடுக்க முடியாது. அதற்கு ஓஎஸ்சி 52 என்ற முறை இருக்கிறது. சேர்வரில் உள்ள எடிட்டர் எழுத்தோடு எழுத்தாக ஒரு சைகையை அனுப்பும், உங்கள் டெர்மினல் அதைப் பிடித்துக் கிளிப்போட்டில் போடும். நியோவிம் 0.10இலிருந்து இது உள்ளேயே இருக்கிறது. கிட்டி, அலாக்ரிட்டி, விண்டோஸ் டெர்மினல் ஆகிய டெர்மினல்கள் இதை ஏற்கும். நடுவில் டீமக்ஸ் இருந்தால் அதன் கொன்பிக்கில் செட் -ஜி செட்-கிளிப்போட் ஒன் என்ற வரி வேண்டும். பாதுகாப்புக்காகப் பல டெர்மினல்கள் எதிர்த்திசையில் வாசிக்க விடாது. அது பிழை அல்ல, ஒட்டுவதற்குத்தான் கொன்ட்ரோல்-ஷிப்ட்-வி இருக்கிறதே.

எஸ்எஸ்எச்சில் பெரிய எக்ஸ் போட்டால் கிளிப்போட் வரும் என்றும் சிலர் சொல்வார்கள். வரும்தான். ஆனால் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்திலிருந்து அதைச் செய்து பாருங்கள், விம் திறக்க முன் தேத்தண்ணி ஆறிவிடும். பைலையே எஸ்சிபி கட்டளை மூலம் இறக்கிவிடுவது அதைவிட வேகம்.

7. விண்டோஸ் லப்டொப்பிலிருந்து வேலை செய்கிறவர்கள்

புட்டியில் (விண்டோஸிலிருந்து சேர்வருக்குள் நுழையும் நிரல்) தெரிவு செய்தாலே கொப்பி, வலப்பொத்தான் அழுத்தினால் பேஸ்ட். கொன்ட்ரோல்-சி அங்கே ஓடும் நிரலை நிறுத்துகிற சாவி, அதைத் தொட வேண்டாம். விண்டோஸ் டெர்மினலில் கொன்ட்ரோல்-வி ஒட்டிவிடுவதால் விம்மின் விஷுவல் பிளொக் வராது. அதற்குக் கொன்ட்ரோல்-கியூ.

டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) பாவித்தால், விண்டோஸ் 11இல் விம்-ஜிடிகே3 போட்டாலே பெரும்பாலும் போதும். பழையதில் :டபிள்யூ, ஓர் இடைவெளி, ! குறி, ஒட்டினாற்போல் கிளிப்.எக்ஸ்இ என்று அடித்தால் முழுப் பைலும் விண்டோஸ் கிளிப்போட்டுக்குப் போகும். ஆங்கிலத்துக்கு மட்டும். தமிழ் அந்த வழியில் குப்பையாகிவிடும், லினக்ஸின் எழுத்துக்குறி முறையான யூடிஎஃப்-8ஐ அது புரிந்துகொள்ளாது. நடுவில் ஐகொன்வ் என்ற நிரலை வைத்து யூடிஎஃப்-16எல்ஈ ஆக மாற்றி அனுப்ப வேண்டும்.

வரி முடிவில் ^எம் என்று நீலமாகத் தெரிந்தால் அது விண்டோஸின் வரி முடிவுக் குறி. டொஸ்2யூனிக்ஸ் என்ற சின்ன நிரல் பைலைச் சுத்தம் செய்யும்.

8. தமிழ் எழுத்து உடைந்தால்

இங்கே மூன்று நோய்கள் ஒரே மாதிரித் தெரியும். பிரித்துப் பாருங்கள்.

முதலாவது பாமினி. நம் பக்கத்துப் பாடசாலை வினாத்தாள்களும் அலுவலகக் கடிதங்களும் இன்னும் ஏராளமாகப் பாமினி எழுத்துருவில்தான் இருக்கின்றன. வேர்டில் பார்க்கத் தமிழ், டெர்மினலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பம். கிளிப்போட்டில் பிழையே இல்லை. உள்ளே இருந்தது உண்மையிலேயே ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டியது. யூனிகோட் மாற்றி ஒன்றில் மாற்றிவிட்டு ஒட்டுங்கள், இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆவணத்தில் இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாகி அர்த்தமில்லாமல் போகும். பெயர், முகவரி, ஈமெயில் உள்ள வரிகளை மாற்றிய பிறகு கண்ணால் பாருங்கள்.

இரண்டாவது, எழுத்து சரி, காட்சி பிழை. கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். டெர்மினல்கள் எழுத்தைக் கட்டம் கட்டமாக வைப்பதால் தமிழ் பலவற்றில் அழகாக வராது. அதே பைலைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் எதையும் திருத்தாதீர்கள், விம்முக்குள் அழித்து அழித்து எழுதினால்தான் உண்மையிலேயே பழுதாகும். கொன்சோல் என்ற டெர்மினல் கொஞ்சம் பரவாயில்லை.

மூன்றாவது சேர்வரின் மொழி அமைப்பு. :செட் என்கோடிங்? என்று கேளுங்கள். யூடிஎஃப்-8 என்று வராமல் லட்டின்1 என்று வந்தால் சேமிக்காமல் வெளியேறி, சேர்வரின் லாங் மாறியை சி.யூடிஎஃப்-8 ஆக்கிவிட்டு (இரண்டும் பெரிய எழுத்தில்) மறுபடி திறங்கள்.

இவை தவிர ஒரு மறைந்த தொல்லையும் உண்டு. கண்ணுக்கு ஒரே சொல், தேடினால் கிடைக்காது. 'கொ' என்பதை 'க' உடன் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு வேறு கால் வேறாகவும் எழுதலாம். எழுத்தின் மேல் நின்று 'ஜி', 'ஏ' அடியுங்கள். 'க' என்றால் 2965 என்று காட்டும். தொடர்ந்து 3018 வந்தால் சரி, 3014 உம் 3006 உம் தனித்தனியே வந்தால் பிரிந்த எழுத்து. பைதனின் யூனிகோட்டேட்டாவில் என்எஃப்சி என்ற முறைக்கு மாற்றினால் ஒன்றாகும். <200சி> போல் அடைப்புக்குறிக்குள் எண் தெரிந்தால் அது எழுத்துகளைச் சேரவிடாமல் பிரித்து வைக்கும், கண்ணுக்குத் தெரியாத குறி, பெரும்பாலும் அழித்துவிடலாம்.

வட்ஸ்அப்பில் வந்த கோட்டை ஒட்டுவதையும் விட்டுவிடுங்கள். நட்சத்திரமும் அடிக்கோடும் அங்கே தடித்த, சாய்ந்த எழுத்துக்கான குறிகள். நண்பரிடம் பைலாக அனுப்பச் சொல்லுங்கள்.

9. நானோவும் போனும்

நானோ என்ற இன்னொரு எடிட்டரில் ஆல்ட்-6 கொப்பி, கொன்ட்ரோல்-கே வெட்டு, கொன்ட்ரோல்-யூ ஒட்டு. மூன்றும் நானோவுக்குள் மட்டும். வெளியே போக வர டெர்மினலின் ஷிப்ட் வழிதான்.

போனில் டேர்மக்ஸ் (அன்ட்ரொய்டில் லினக்ஸ் டெர்மினல் தரும் அப்) என்றால் திரையை நீளமாக அழுத்தினால் கொப்பி, பேஸ்ட் வரும். கட்டளையாக வேண்டுமானால் டேர்மக்ஸ்-ஏபிஐ பொதியும் அதே பெயரில் உள்ள தனி அப்பும் இரண்டும் தேவை. ஒன்றை மட்டும் போட்டால் எதுவும் சொல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும்.

10. இன்னும் சரிவராவிட்டால்

குழுவில் 'பேஸ்ட் வேலை செய்யவில்லை' என்று மட்டும் போட்டால் யாராலும் உதவ முடியாது. விம் எந்த மெஷினில் ஓடுகிறது, :வேர்ஷனில் கிளிப்போட்டுக்கு முன்னால் பிளஸ்ஸா மைனஸ்ஸா, எந்த டெர்மினல், நடுவில் டீமக்ஸ் உண்டா, விம்ஆர்சி இல்லாமல் (விம் -யூ நோர்சி என்று சேர்த்துத் திறந்து; கடைசிச் சொல்லை மட்டும் பெரிய எழுத்தில்) பார்த்தபோதும் அதே பிரச்சினையா என்று எழுதுங்கள். கொன்பிக் பைலை அனுப்ப முன் அதற்குள் பாஸ்வேர்ட், டோக்கன் ஏதும் இல்லையென்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.